வலியை வழியாக்கிய தாதி



2017ஆம் ஆண்டில் ஐந்து மாதங்கள் பூச்சோங்கில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறை மருத்துவமனை வார்டு போல் இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு முதுகெலும்பில் பலத்த அடி. மாடி ஏற முடியாததால் கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டோம். நான் வேலைக்குச் சென்று, மாலையில் நெரிசலைக் கடந்து வீடு திரும்பும்வரை அம்மாவுக்குத் துணை தொலைக்காட்சியும் கையில் இருக்கும் செபமாலையும்தான்.

பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. உறவினர்கள் கஞ்சியும் பழமும் கொண்டு வந்தார்கள். கூடவே விளக்கங்களும் கொண்டு வந்தார்கள். இது இறைவனின் சோதனை என்றார் ஒருவர். குடும்பத்தில் யாரோ செய்த பாவம் என்றார் இன்னொருவர். சிலுவையைச் சுமப்பதே பாக்கியம், அழக்கூடாது என்று அறிவுரை கூறினார் மற்றொருவர். அம்மா எல்லாருக்கும் தலையசைப்பார். அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

விவிலியத்தில் யோபுவின் கதையை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் எதுவும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்ல வாய் திறந்தபோதுதான் அவருடைய வேதனை இரட்டிப்பானது. எனக்கும் சொல்ல ஒரு விளக்கமும் இல்லை. துன்பத்தைப் பற்றிப் பேசியவர்களை விட்டுவிட்டு, துன்பத்தை அனுபவித்த ஒருவரைத் தேடினேன். அப்படித்தான் நம் நாட்டு வரலாற்றில் புகழ்பெற்ற சிபில் கார்த்திகேசு எங்கள் வீட்டுக்குள் வந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகளை இரவுதோறும் சில பக்கங்கள் ஆங்கிலத்தில் படித்து, அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அந்த வாழ்க்கையைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிறப்பும் திருமணமும்

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவிலுள்ள மேடானில் பிறந்தார். அதனால்தான் அவருடைய முழுப்பெயர் சிபில் மேடான் டேலி என்று அமைந்தது. தந்தை ஐரிஷ் கலப்பு வழியினர், தோட்டத் தொழில் செய்தவர். தாயார் பிரெஞ்சுக் கலப்பு வழி வந்தவர், மருத்துவச்சி. நான்கு ஆண் பிள்ளைகளுக்குப் பின் பிறந்த ஒரே மகள் சிபில். தாயின் வழியிலேயே தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கண்டோனிஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். பிரசவ வலியில் துடிக்கும் சீனத் தாய்மாருக்கு அவர்களுடைய மொழியிலேயே ஆறுதல் சொல்லக்கூடிய தாதியாக அவர் விளங்கினார்.

அவர் மணந்துகொண்டவர் தைப்பிங்கில் 1892ஆம் ஆண்டு பிறந்த இலங்கைத் தமிழ் வழி மருத்துவர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. மணமகள் கத்தோலிக்கர், மணமகன் இந்து. எனவே பெண் வீட்டாரின் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. இறுதியில் அவர் அப்டன் கிளெமெண்ட் கார்த்திகேசு என்ற பெயரை ஏற்றார். 1919ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித யோவான் ஆலயத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. பூச்சோங்கிலிருந்து நகரத்துக்குத் திருப்பலி காணச் செல்லும்போதெல்லாம் நான் ஏறி இறங்கிய குன்று அது. நம் நாட்டின் மாபெரும் வீராங்கனை ஒருவர் ஒரு தமிழரின் கைபிடித்த இடம் அது என்பதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

முதல் இழப்பு

சிபிலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஜப்பானியர் செய்த சித்திரவதையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவருடைய துன்பமோ அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. முதல் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டில், அவருடைய அண்ணன் மைக்கேல் கல்லிப்போலிப் போர்க்களத்தில் உயிர் துறந்தார். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமக்குப் பிறந்த முதல் மகனுக்குச் சிபில் அந்த அண்ணனின் பெயரையே சூட்டினார். அந்தக் குழந்தை உயிரோடு இருந்தது 19 மணி நேரம் மட்டுமே.

எத்தனையோ வீட்டுக் குழந்தைகளை இவ்வுலகுக்கு வரவேற்கவிருந்த கைகள் தம் சொந்தக் குழந்தையை இழந்து வெறுமையாயின. அப்போது சிபிலின் தாயார் ஒரு வழி சொன்னார். அவர் பிரசவம் பார்த்த குழந்தைகளில் ஒருவன் வில்லியம் பிள்ளை. அவனைத் தத்தெடுத்துக்கொள்ளும்படி கூறினார். புடுவில் இருந்த வீட்டில் அச்சிறுவன் அவர்களுக்கு மகனானான். பின்னர் 1921ஆம் ஆண்டில் ஓல்காவும், 1936ஆம் ஆண்டில் ஈப்போவில் டோனும் பிறந்தார்கள்.

இந்த இடத்தில் அம்மா என்னை நிறுத்தச் சொன்னார். எனக்கு முன் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட ஒரு குழந்தையைப் பற்றி அன்றுதான் முதன்முறையாக என்னிடம் பேசினார். அந்த இரவு நாங்கள் மேற்கொண்டு படிக்கவில்லை.

பின்னர் நான் சிந்தித்துப் பார்த்தேன். சிபிலின் வாழ்க்கை முழுவதற்குமான திறவுகோல் அந்தப் புடு வீட்டிலேயே இருக்கிறது. குழந்தை ஏன் இறந்தது என்ற கேள்விக்கு அவருக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் வெறுமையான தொட்டிலை அவர் வெறுமையாகவே விட்டுவைக்கவில்லை. தாய் தேவைப்பட்ட ஒரு குழந்தைக்கு அதில் இடம் கொடுத்தார்.

பாப்பான் வீட்டின் பின்கதவு

1926ஆம் ஆண்டு முதல் கார்த்திகேசு தம்பதியர் ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் 141ஆம் எண் கட்டடத்தில் கிளினிக் நடத்தி வந்தார்கள். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அம்மாதம் முடிவதற்குள் ஈப்போவும் வீழ்ந்தது. குண்டு வீச்சுக்கு அஞ்சி மக்கள் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். சிபிலின் குடும்பமும் அருகிலிருந்த பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது.

பாப்பான் ஈயத்தால் வளர்ந்த ஊர். ஒரே ஒரு பெரிய தெரு, இருபுறமும் கடைவீடுகள், பின்னால் குன்றும் காடும். பூச்சோங்கும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈய லம்பங்களும் நிறைந்த ஊர்தான். அதனால் பாப்பானைக் கற்பனை செய்துகொள்வது எனக்குக் கடினமாக இல்லை. அத்தெருவின் 74ஆம் எண் வீட்டில் சிபில் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். ஏழைகள் கையில் காசில்லாமல் வந்தார்கள். மக்கள் அவரை மிஸ்ஸி என்று அன்போடு அழைத்தார்கள்.

பகலில் வந்த நோயாளிகள் முன்கதவு வழியாக வந்தார்கள். இரவில் வந்தவர்களோ பின்கதவு வழியாக வந்தார்கள். காட்டுக்குள் மறைந்திருந்து போரிட்ட மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் அவர்கள். குண்டடி பட்டவர்களுக்குச் சிபிலும் அவருடைய கணவரும் சிகிச்சை அளித்தார்கள். மருந்துகளைக் காட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, லண்டனிலிருந்து வரும் பிபிசி செய்திகளைக் கேட்டு, மற்றவர்களுக்கும் தெரிவித்தார்கள். அன்றைய ஆட்சியில் வானொலி கேட்டது மட்டுமே ஒருவர் தலை போகப் போதுமான குற்றம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் படையை வழிநடத்தியவர்கள் பொதுவுடைமைவாதிகள். கடவுள் நம்பிக்கை அற்றவர்கள். சிபிலோ திருப்பலியையும் செபத்தையும் உயிராகக் கொண்ட கத்தோலிக்கப் பெண்மணி. ஆயினும் காயத்தைக் கழுவும் முன் எவருடைய கொள்கையையும் அவர் விசாரிக்கவில்லை. அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் உவமையை ஆலயத்தில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். சிபில் அதைத் தம் வீட்டுப் பின்கதவில் செயல்படுத்தினார்.

கெம்பெய்தாயின் பிடியில்

1943ஆம் ஆண்டில் செய்தி கசிந்தது. கணவரும் வில்லியமும் சிபிலும் கைது செய்யப்பட்டார்கள். கெம்பெய்தாய் என்னும் ஜப்பானிய இராணுவக் காவல் படையினர் சிபிலைப் பிரம்பால் அடித்தார்கள். தண்ணீரை வலிந்து புகட்டினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். அவருடைய முதுகெலும்பு சிதைந்து, கால்கள் செயலிழந்தன. பூட்ஸ் காலால் முகத்தில் உதைத்ததில் தாடை எலும்பில் ஆறாத காயம் உண்டானது. அவர்கள் கேட்டவை பெயர்கள் மட்டுமே. காட்டில் இருப்பவர்கள் யார், அவர்களுக்கு உதவுபவர்கள் யார், மருந்து யார் கையில் போகிறது என்பதையே கேட்டார்கள். சிபில் சொல்லவில்லை.

இறுதியாக எக்கியோ யோஷிமுரா என்ற சார்ஜெண்ட் ஒரு கொடிய வழியைக் கையாண்டான். சிபிலின் கண்முன்னே சிறுமி டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்ட ஏற்பாடு செய்தான். தாய் பேசினால் பிள்ளை பிழைக்கும். தாய் பேசாவிட்டால் பிள்ளை எரியும். அந்த நிலையிலும் எதையும் சொல்ல வேண்டாம் என்று தாயைக் கேட்டுக்கொண்டது அந்தக் குழந்தைதான் என்று சிபில் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஜப்பானிய மேலதிகாரி ஒருவர் குறுக்கிட்டுத் தடுத்ததால் சிறுமி உயிர் பிழைத்தாள்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது என் குரல் நடுங்கியது. நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாசகர்களே. எனக்குச் சிபிலின் மீது அப்போது வியப்பைவிடக் கோபமே மிகுதியாக வந்தது. பெற்ற பிள்ளையின் உயிரைவிட ஒரு தாய்க்கு வேறென்ன பெரிது? இதற்குப் பெயர் விசுவாசமா, பிடிவாதமா? அம்மாவிடமே கேட்டேன். அம்மா வெகுநேரம் யோசித்தார். காட்டில் இருந்தவர்களையும் ஒரு தாய்தானே பெற்றிருப்பாள் என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சொல்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. சிபில் விட்டுக்கொடுக்காமல் காத்த ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வீடு இருந்தது, ஓர் அடுப்பு இருந்தது, ஒரு டோன் இருந்தாள். வலியைத் தாங்குவது புண்ணியம் என்று நம்பி அவர் அதைத் தேடிப் போகவில்லை. தாம் வாயைத் திறந்தால் அந்த வலி வேறொருவர் உடலுக்கு மாறிவிடும் என்பதை அறிந்திருந்தார். அதனால் அதைத் தம் உடலிலேயே நிறுத்திக்கொண்டார். கிறிஸ்துவின் சிலுவையைக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். சிலுவை மரத்தில் புனிதம் ஏதும் இல்லை. பிறருக்காக அதை ஏற்றுக்கொண்ட அன்பே அதைப் புனிதமாக்கியது.

எல்லாத் துன்பமும் இப்படிப்பட்டதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டார்கள். அவர்களிடம் எவரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. அவர்களுடைய மரணத்துக்கு இறைவன் வைத்த நோக்கம் இதுதான் என்று யாராவது விளக்கினால், அதை ஏற்க என் மனம் இடம் தராது. சிபிலின் வாழ்க்கையை அத்தகைய விளக்கத்துக்குச் சான்றாக்குவதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

விடுதலைக்குப் பின்

பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டிருந்த சிபில் 1945ஆம் ஆண்டில் போர் முடிந்ததும் விடுதலை பெற்றார். சிகிச்சைக்காக அவரை விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிபிலுக்கு ஜார்ஜ் பதக்கம் என்னும் வீர விருது வழங்கப்பட்டது. மன்னர் ஆறாம் ஜார்ஜின் கையால் அதைப் பெற்ற சில மாதங்களில், 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அவர் காலமானார். தாடையில் பட்ட அந்தப் பழைய காயத்திலிருந்து இரத்தத்தில் நஞ்சு பரவியதே காரணம். அப்போது அவருக்கு வயது 48.

வரலாறு எத்தனை விசித்திரமானது பாருங்கள். அவர் இறந்த அதே ஜூன் மாதத்தில்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. எந்தப் படையினரைக் காட்டிக்கொடுக்காததற்காக அவர் வதைபட்டாரோ, அவர்களில் பலர் அவருக்குப் பதக்கம் கொடுத்த அதே அரசின் எதிரிகள் ஆனார்கள். சிபிலின் தியாகத்தை அரசியல் கணக்கில் எழுதினால் அது யார் பக்கமும் சரியாக நிற்காது. மனிதக் கணக்கில்தான் அது நிற்கும்.

மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1954ஆம் ஆண்டில், அவருடைய நினைவுக் குறிப்புகள் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்னும் பெயரில் வெளிவந்தன. இரக்கம் ஒரு துளியும் இல்லை என்பது அதன் பொருள். டிராம் என்பது அக்கால மருந்துக் கடைகளில் மருந்தை நிறுக்கப் பயன்பட்ட சிறிய அளவு. நாள்தோறும் மருந்தை அளந்து கொடுத்த ஒரு தாதியின் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு உண்டா?

ஸ்காட்லாந்திலுள்ள லானார்க்கில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல் 1949ஆம் ஆண்டில் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. புனித மைக்கேல் ஆலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் அவர் துயில்கிறார். ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2010ஆம் ஆண்டில் அவருடைய கதை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. நான் செய்த பாவம் என்ன என்று கேட்கும் மலாய்த் தலைப்பு அதற்கு. எங்கள் வரவேற்பறையில் அம்மா வாய்விட்டுக் கேட்காத கேள்வியும் அதுதான்.

அம்மா கண்ட விடை

நூலைப் படித்து முடித்த இரவில் எனக்குள் ஒரு குறை இருந்தது. சிபிலின் வலி பலரைக் காத்தது. அம்மாவின் வலி யாரைக் காக்கிறது? குளியலறையில் வழுக்கி விழுந்ததால் எந்த உயிரும் பிழைக்கவில்லையே. அப்படியானால் இந்த வாழ்க்கை எங்களுக்கு என்ன சொல்ல முடியும்?

விடையை அம்மாதான் கண்டுபிடித்தார். சிறையிலிருந்து வெளிவந்த பின் சிபில் வாழ்ந்த அந்தக் கடைசி ஆண்டுகளைப் பற்றி அவர் அடிக்கடி கேட்டார். அப்போது காப்பாற்ற வேண்டிய பெயர் எதுவும் இல்லை. எதிரியும் இல்லை. அன்னிய நாடு, மருத்துவமனைக் கட்டில், ஓயாத வலி மட்டும்தான். அம்மாவின் நிலைக்கு நெருக்கமான சிபில் இவர்தான். அந்தச் சிபில் என்ன செய்தார்? நடந்ததை நினைவுகூர்ந்து பதிவு செய்தார். சிறையில் பெயர்களைச் சொல்லாமல் காத்தவர், அங்கே தம்மோடு துன்பப்பட்டவர்களைச் சொல்லிக் காத்தார்.

சில நாள்களில் அம்மாவிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். பார்க்க வந்தவர்களின் துயரங்களை அவர் கேட்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுச் சீன அம்மையாரின் மகனுக்கு வேலை போன கதை, எங்கள் வீட்டுக்கு வந்த உடற்பயிற்சி சிகிச்சையாளருக்குக் குழந்தை இல்லாத ஏக்கம் எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தன. பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் அவர்களின் பெயர்களை எழுதி வைத்து, இரவில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் செபித்தார். தூக்கம் வராத வலியுள்ள நாள்களில் அந்தப் பட்டியல் நீண்டது. வலி குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது குறைந்தது.

ஏன் இந்தத் துன்பம் என்ற கேள்விக்குச் சிபிலின் வாழ்க்கையில் விடை இல்லை. யாருக்காக என்ற கேள்விக்கு விடை உண்டு. முதல் கேள்வி நம்மைக் கடந்த காலத்திலேயே கட்டிப்போடுகிறது. இரண்டாவது கேள்விக்குக் கட்டிலில் கிடப்பவரும் இன்றைக்கே விடை தேடலாம். துன்பத்துக்கு முன்கூட்டியே ஒரு நோக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை நான் அறியேன். ஆனால் இறைவன் அருளோடு மனிதர் அதற்கு ஒரு நோக்கத்தைக் கொடுக்க முடியும் என்பதைப் பாப்பானின் மிஸ்ஸியிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு, கைத்தடியை ஊன்றி நடக்கத் தொடங்கிய அம்மாவை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குச் சென்றேன். கல்லறையில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றினோம். அம்மா தம் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்களைச் சேர்த்தார். ஒன்று, 19 மணி நேரம் வாழ்ந்த மைக்கேல். மற்றொன்று, பெயர் வைக்கப்படாத என் அண்ணனுக்கு அவர் அன்று வைத்த பெயர்.

தம்பி தங்கையரே, விடுமுறையில் ஈப்போ பக்கம் செல்லும்போது சுண்ணாம்புக் குகைகளையும் வெள்ளைக் காப்பியையும் மட்டும் தேடாமல், பாப்பானின் அந்தப் பழைய தெருவுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். உங்கள் நண்பர் எவரேனும் துயரத்தில் இருந்தால், விளக்கம் சொல்லாமல் அவருக்குப் பக்கத்தில் சற்று நேரம் அமர்ந்திருங்கள். ஒரு பின்கதவைத் திறந்து வைத்ததற்கு அது ஈடாகும்.